ஆசியப் பயணத்தில் நொறுக்குத்தீனி, இனிப்பு, துரித உணவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவோரக் கடையில் சாப்பிட்டால் வயிறு கெட்டுவிடாதா?

கடை தெருவில் இருப்பதால் வயிறு கெடுவதில்லை. சமைத்து இறக்கிய உணவு இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடப்பதால்தான் கெடுகிறது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகவோ 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தோ இருக்கும் உணவில் கிருமிகள் பெருகுவது கடினம். இடைப்பட்ட சூட்டில் இரண்டு மணி நேரம்தான் கெடு. வெயில் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் ஒரு மணி நேரம். எந்த ஊரானாலும், இது எப்போது அடுப்பிலிருந்து இறங்கியது என்பதை முதலில் பாருங்கள். பாங்காக் நடைபாதையில் கண்முன்னே சட்டியில் புரண்டு வரும் நூடுல்ஸ், குளிரூட்டிய உணவரங்கில் மதியத்திலிருந்து தட்டில் குவிந்திருக்கும் வறுத்த சோற்றைவிட நம்பகமானது.

சோறு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆறிக் கிடக்கும் சோற்றில் வளரும் பேசில்லஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கிறது. மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. கிரீம், கஸ்டர்ட் நிரப்பிய பன்கள் வெளியில் கிடந்தால் ஸ்டாஃபிலோகாக்கஸும் இதே வேலையைச் செய்யும். "சூடு பண்ணித் தருகிறேன்" என்று கடைக்காரர் சொல்வதால் இவை இரண்டும் சரியாகிவிடாது.

கடையருகே ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். பொரித்த தட்டு காலியாகி மறுபடி நிரம்புகிறதா? எண்ணெய் கருத்து, நுரைத்துப் புகைகிறதா? காசு வாங்கும் கையே பண்டத்தையும் தொடுகிறதா? பச்சைக் கறியை எடுத்த இடுக்கியே வெந்ததையும் எடுக்கிறதா? சாத்தே, யாகிடோரி போன்ற குச்சிக்கறிக் கடைகளில் கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்ற பதில் கிடைக்காவிட்டால் நகர்ந்துவிடுங்கள். நறுக்கி வைத்த பழம், கழுவி அடுக்கிய பச்சிலைகள், மேசையில் திறந்து கிடக்கும் காரக்குழம்புக் கிண்ணம் ஆகியவற்றிலும் எச்சரிக்கை தேவை. பழத்தை முழுதாக வாங்கி நீங்களே உரித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பண்டத்தை எப்போது தேடிப் போவது?

பயணத் திட்டம் போடும்போது பலரும் இடத்தைக் குறித்துக்கொண்டு நேரத்தை விட்டுவிடுகிறார்கள். ஆசியாவில் ஒவ்வொரு தீனிக்கும் ஒரு பொழுது உண்டு. உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் அந்தப் பொழுதில் போனால் பண்டம் சூடாக இருக்கும், வேகமாக விற்றுத் தீரும். ருசியும் பாதுகாப்பும் ஒன்றாகக் கிடைக்கும்.

தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்த காயா ஜாமைத் தடவிய சிங்கப்பூரின் காயா டோஸ்ட், மலேசியாவில் இலையில் மடித்த தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், ஹனோயில் சோய் எனப்படும் ஒட்டரிசிச் சோறு எல்லாம் காலைப் பண்டங்கள். பத்து மணிக்கு மேல் போனால் மிஞ்சியதுதான் கிடைக்கும். தாய்லாந்தின் கனோம் குரோக்கையும் காலைச் சந்தையில் தேடுங்கள். நம் குழிப்பணியாரக் கல் போன்ற வார்ப்பில் அரிசிமாவுக் கரைசலை ஊற்றி, ஓரம் முறுகத் தொடங்கியதும் நடுவில் இனிப்பும் உப்பும் கலந்த கெட்டித் தேங்காய்ப்பாலை விடுவார்கள். வெங்காயத்தாள் அல்லது மக்காச்சோளம் தூவி, இரண்டு பாதிகளை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துத் தருவார்கள். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே தளதளவென்ற பால். பெட்டியில் மூடி அரை மணி நேரம் வைத்தால் ஆவியில் ஓரமெல்லாம் ஊறிப்போகும். வாங்கிய இடத்திலேயே, வாய் பொறுக்கும் சூடு வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள்.

தைவானின் இரவுச் சந்தைகள் மாலை ஐந்து மணிவாக்கில் உயிர்பெறும். தைபேயின் ஷிலின், ராவ்ஹே சந்தைகளில் ஏழு மணி முதல் ஒன்பது மணிவரை நெரிசல் உச்சம். ஆறு மணிக்குள் போனால் புது எண்ணெயும் குட்டையான வரிசையும் கிடைக்கும். ரமலான் மாதத்தில் மலேசியா, இந்தோனேசியா, புருணை நாடுகளில் பிற்பகலில் கூடும் சந்தைகளைத் தவறவிடக் கூடாது. மற்ற மாதங்களில் கண்ணில் படாத பலகாரங்கள் அங்கே வரும். நோன்பு திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் வாங்கி, எடுத்துச் சென்று சாப்பிடுங்கள். சுற்றியிருப்பவர்கள் நோன்பில் இருக்கும்போது அங்கேயே நின்று மெல்லுவது மரியாதையாக இருக்காது.

பருவத்தையும் பாருங்கள். தாய்லாந்தில் மாம்பழ ஒட்டரிசிக்கு ஏப்ரல், மே மாதங்கள் சிறந்தவை. கொரியாவில் சர்க்கரைப் பாகு நிரப்பிய அடையான ஹொத்தொக், மீன் உருவில் வார்க்கும் இனிப்பான புங்கோப்பாங் இரண்டும் குளிர்காலத் தீனிகள். வியட்நாமில் டெட் எனப்படும் சந்திரப் புத்தாண்டு நாட்களில் தெருக்கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். அந்த வாரம் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் வேறு தேதி பார்ப்பது நல்லது.

ஐஸ் போட்ட பானங்களைக் குடிக்கலாமா?

தாய்லாந்திலும் வியட்நாமிலும் நடுவில் துளையுள்ள குழாய் வடிவ ஐஸ் தொழிற்சாலையில் செய்து பையில் அடைத்து வருவது. பெரிய பாளத்தை உடைத்துச் செதுக்கும் ஐஸ், மீனைக் குளிர்விக்கவும் பயன்படுவது. அது பானத்தில் விழுந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர், ஜப்பான், கொரியா, தைவான் நாடுகளில் ஐஸைப் பற்றிக் கவலை வேண்டாம். குழாய்த் தண்ணீரை நேராகக் குடிக்கலாம் என்ற நம்பிக்கை சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் பொருந்தும். தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, நேபாளத்துக்குப் பொருந்தாது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வழி இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் "சைவமா?" என்று கேட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. கறித்துண்டு இல்லையென்றாலே பல ஊர்களில் "ஆமாம்" என்பார்கள். மீன் சாறும் இறால் விழுதும் அவர்கள் கணக்கில் உப்பு, புளி மாதிரி சுவையூட்டிகள். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

தாய்லாந்தில் கேட்க வேண்டியவை நாம் ப்ளா எனும் மீன் சாறு, சிப்பிச் சாறு, உலர்ந்த இறால். சோம் தாம் எனும் பப்பாளிக்காய் சாலட்டில் மீன் சாறும் உலர்ந்த இறாலும் வழக்கமாக இருக்கும். மஞ்சள் துணியில் சிவப்பெழுத்தில் "ஜே" என்று எழுதிய கொடி தொங்கும் கடையில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். அங்கே முட்டை, பால், பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. சந்திர நாட்காட்டியின் ஒன்பதாம் மாத முதல் ஒன்பது நாட்களில், பெரும்பாலும் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில், புக்கெட்டிலும் பாங்காக்கின் சீனர் பகுதியான யாவராட்டிலும் தெரு முழுக்க இந்தக் கொடிதான்.

வியட்நாமில் "சாய்" என்று எழுதிய கடைகளைத் தேடுங்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் மரக்கறி உண்பதால் அன்று இவை கூடுதலாகக் கிடைக்கும். சாதாரண பான் மீ ரொட்டியில் முட்டை மட்டும் வைக்கச் சொன்னாலும் பேட்டே எனும் ஈரல் விழுதைத் தடவும் பழக்கம் உண்டு. அதை வேண்டாமென்று தனியாகச் சொல்ல வேண்டும்.

தைவான் சைவர்களுக்கு மிக எளிய நாடு. பொட்டல உணவுகளில் முழுச் சைவம், பால் சேர்ந்தது, முட்டை சேர்ந்தது, பாலும் முட்டையும் சேர்ந்தது, பூண்டு வெங்காய வகை சேர்ந்தது என்று ஐந்து பிரிவாக அச்சிடுகிறார்கள். ஜப்பானில் நிலைமை தலைகீழ். கட்சுவோ மீனை உலர்த்திச் சீவிக் காய்ச்சும் தாஷி எனும் சாறு எதில்தான் இல்லை என்று தேட வேண்டியிருக்கும். தகோயாகி எனும் மாவு உருண்டைக்கு மேலே தூவும் மீன் சீவலை வேண்டாமென்றாலும் உள்ளே ஆக்டோபஸ் இருக்கிறது, மாவிலும் தாஷி இருக்கிறது. கொரியாவில் அரிசிமாவுத் துண்டுகளைக் காரமாகச் சமைக்கும் தொக்பொக்கியின் குழம்பு பெரும்பாலும் நெத்திலிச் சாற்றில் கொதிப்பது. புளிக்க வைத்த காய்கறி ஊறுகாயான கிம்ச்சியிலும் உப்பிட்ட இறால் அல்லது மீன் சேரும். சுட்ட சர்க்கரைவள்ளி, வறுத்த கஷ்கொட்டை, ஹொத்தொக் ஆகியவற்றை நாடலாம். மீன் உருவில் வார்க்கும் புங்கோப்பாங்கின் உள்ளே மீன் கிடையாது, இனித்த செம்பயறுதான்.

மலேசியாவில் பரோட்டா போன்ற ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டால் அதன்மேல் மீன் குழம்பையோ கறிக் குழம்பையோ கொஞ்சம் கலந்து ஊற்றுவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளின் வழக்கம். "பருப்பு மட்டும், கலக்க வேண்டாம்" என்று ஊற்றுவதற்கு முன்பே சொல்லுங்கள். பல கடைகளில் தமிழிலேயே சொல்லலாம். நாசி லெமாக்குடன் வரும் சம்பல் எனும் மிளகாய் விழுதில் நெத்திலியோ பெலாச்சான் எனும் இறால் விழுதோ இருக்கும். இந்தோனேசியாவில் அதன் பெயர் தெராசி. இலங்கையில் தேங்காய்ச் சம்பலிலும் லுணு மிரிசிலும் மாசிக் கருவாடு சேர்வது சாதாரணம். நேபாளத்து மோமோ கடைகளில் "பஃப்" என்றால் எருமைக்கறி; சைவ மோமோ கேட்பவர்கள் ஆவித்தட்டு தனியா என்றும் கேட்டுவிடுங்கள்.

இனிப்பில் என்ன அசைவம் இருந்துவிடப் போகிறது?

நிறைய. சீனப் பாரம்பரியப் பேஸ்ட்ரிகளில் அடுக்கடுக்காக உதிரும் தன்மைக்குப் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய முறை. பினாங்கின் தாவ் சார் பியா, ஹாங்காங்கின் முட்டை டார்ட், சில நிலாக் கேக்குகள் இந்த வகையில் வரும். இன்று வெண்ணெயோ தாவர எண்ணெயோ பயன்படுத்தும் கடைகளும் பல. பெட்டியில் உள்ள பொருள் பட்டியலைப் பார்த்தால் தெரியும். மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய், மூஸ் ஆகியவற்றில் ஜெலட்டின் இருக்கலாம். தென்கிழக்காசிய ஜெல்லிகள் பெரும்பாலும் அகர் அகர், அதாவது கடற்பாசி. சின்சாவ் எனும் கருப்பு ஜெல்லி மூலிகைச் செடியிலிருந்து வருவது.

காயாவிலும் இலங்கை வட்டிலப்பத்திலும் முட்டைதான் முதுகெலும்பு. தங்கநூல் போலத் தோன்றும் தாய்லாந்தின் ஃபோய் தோங் முழுக்க மஞ்சள்கரு. சந்தேகமில்லாமல் வாங்கக் கூடியவை: தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்ந்த செண்டோல், மாம்பழ ஒட்டரிசி, பனைவெல்லம் நிரப்பிய உருண்டையான களேப்பொன், சிவப்புப் பயறு பூரணம் வைத்த சாதாரண மோச்சி எனும் ஒட்டரிசிக் கொழுக்கட்டை.

களேப்பொன், ஹொத்தொக், தகோயாகி சாப்பிட்டு வாய் வெந்துவிடுகிறது. எப்படிச் சாப்பிடுவது?

மூன்றும் வெளியே ஆறி உள்ளே கொதிப்பவை. களேப்பொன் என்பது பாண்டான், அதாவது ரம்பை இலை சேர்த்த பச்சை உருண்டை, மேலே தேங்காய்த் துருவல், உள்ளே உருகிய பனைவெல்லம். பாதியாகக் கடித்தால் பாகு எதிரே இருப்பவர் சட்டையில் தெறிக்கும். முழுதாக வாயில் போட்டு உதட்டை மூடிய பிறகே கடிக்க வேண்டும். அதனால் இளஞ்சூடு வரும்வரை பொறுத்திருங்கள். ஹொத்தொக்கின் உள்ளே கொதிப்பது சர்க்கரைப் பாகு, தண்ணீரைவிட மோசமாகச் சுடும். ஓரத்தில் சிறிதாகக் கடித்து, ஆவி போகவிட்டு, அது வரும் காகிதக் கோப்பையை நிமிர்த்திப் பிடித்தபடி மேலிருந்து சாப்பிடுங்கள். சாய்த்தால் பாகு மணிக்கட்டில் வழியும். தகோயாகியைக் குச்சியால் குத்தித் திறந்து ஒரு நிமிடம் வையுங்கள். உள்ளே சூடான சாறு உள்ள சீனக் கொழுக்கட்டையான சியாவோலோங்பாவோவைக் கரண்டியில் வைத்து, ஓரத்தில் துளையிட்டு, சாற்றை உறிஞ்சிவிட்டு மீதியை உண்ண வேண்டும்.

காரத்தில் வாய் எரிந்தால் தண்ணீர் உதவாது. மிளகாயின் கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பால், தயிர், அல்லது ஒரு கவளம் வெறும் சோறு கைகொடுக்கும்.

சிங்கப்பூர் ஹாக்கர் சென்டரில் எப்படி நடந்துகொள்வது?

பல சிறு உணவுக் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கும் இடம்தான் ஹாக்கர் சென்டர். 2020இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற உணவுப் பண்பாடு இது. முதலில் மேசை பிடியுங்கள், பிறகு உணவு வாங்குங்கள். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டோ குடையோ இருந்தால் அது பிடிக்கப்பட்ட இடம். பாக்கெட்டை எடுத்துவிட்டு உட்காராதீர்கள். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்கும் அடுக்குக்குக் கொண்டுபோக வேண்டும். 2021 செப்டம்பரிலிருந்து இது சட்டப்படி கட்டாயம். ஹலால் தட்டுகளுக்குத் தனி அடுக்கு உண்டு, மாற்றி வைக்காதீர்கள்.

கோப்பி கேட்கும் முறையைப் பழகிக்கொண்டால் காரியம் சுலபம். "கோப்பி" என்று மட்டும் சொன்னால் கெட்டியான இனிப்புப் பாலுடன் வரும். "கோப்பி ஓ" பாலில்லாதது, சர்க்கரை உண்டு. "கோப்பி சி" இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். பின்னால் "கோசோங்" சேர்த்தால் சர்க்கரை இல்லை, "சியூ தாய்" என்றால் குறைவு, "பெங்" என்றால் ஐஸ்.

ஜப்பானில் கான்பினி உணவு வாங்கும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கான்பினி என்பது எந்நேரமும் திறந்திருக்கும் சிறு பலசரக்குக் கடை. அங்கே வாங்கும் ஒனிகிரி எனும் சோற்று உருண்டையின் உறையைக் கண்டபடி கிழித்தால் கடற்பாசித் தாள் துண்டு துண்டாகிவிடும். சோற்றுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. தாள் நமுத்துப்போகாமல் காப்பது அதுதான். உறையில் 1, 2, 3 என்று எண்கள் இருக்கும். முதலில் உச்சியிலுள்ள 1 எனும் நாடாவைக் கீழே இழுத்து, பின்பக்கம்வரை சுற்றிக் கொண்டுவந்து முழுதாகப் பிரியுங்கள். பிறகு 2 என்ற மூலையைப் பக்கவாட்டில் இழுங்கள், அடுத்து 3. தாள் தானாகச் சோற்றில் ஒட்டிக்கொள்ளும்.

2019 அக்டோபரிலிருந்து எடுத்துச் செல்லும் உணவுக்கு 8 சதவீத வரி, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டால் 10 சதவீதம். கடையிலுள்ள மேசையில் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் பணம் கட்டும்போதே சொல்ல வேண்டும். நடந்துகொண்டே தின்பதை அங்கே பலரும் விரும்புவதில்லை. காமாகுரா நகரம் 2019இல் இதற்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. தண்டனை இல்லை, வேண்டுகோள்தான். தெருவில் குப்பைத்தொட்டி அரிது என்பதால் பையில் ஒரு காலி உறை வைத்திருங்கள்.

மோச்சியைச் சிறு துண்டாகக் கடித்து நன்றாக மென்று விழுங்குங்கள். ஜப்பானில் முதியவர்கள் தொண்டை அடைத்து இறக்கும் சம்பவங்கள் புத்தாண்டுதோறும் நடக்கின்றன. சிறு குழந்தைகளுக்குத் தராதீர்கள்.

வெளிநாட்டில் பெரிய பர்கர் கடைகளுக்குப் போவது வீணா?

இல்லை. ஒரே பெயர்ப்பலகை, நாட்டுக்கு நாடு வேறு பட்டியல். அதைப் பார்ப்பதே சுவாரசியம். 1972இல் தொடங்கிய ஜப்பானின் மோஸ் பர்கரில் ரொட்டிக்குப் பதில் அரிசியை வட்டாக அழுத்தி வைத்த பர்கர் உண்டு. பிலிப்பைன்ஸின் ஜாலிபீ 1975இல் ஐஸ்கிரீம் கடையாகத் தொடங்கியது; அங்கே பொரித்த கோழி சோற்றோடும் கிரேவியோடும் வரும், ஸ்பகெட்டி இனிக்கும்.

இந்திய மெக்டொனால்ட்ஸில் மாட்டிறைச்சி இல்லை. அந்தப் பழக்கத்தில் வெளிநாட்டில் "பர்கர்" என்று கேட்டால் மாட்டிறைச்சிதான் வரும். மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூரில் அந்நிறுவனக் கிளைகள் ஹலால் சான்று பெற்றவை என்பதால் பன்றி இருக்காது, மாடு இருக்கும். உருளைக்கிழங்கு வறுவல் எந்த எண்ணெயில் பொரிகிறது என்பது ஒவ்வொரு நாட்டிலும் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ரயிலில் சாப்பிடலாமா?

தைபே மெட்ரோவில் நுழைவாயிலின் மஞ்சள் கோட்டைத் தாண்டினால் தண்ணீர், சூயிங்கம்கூடக் கூடாது. அபராதம் 1,500 முதல் 7,500 தைவான் டாலர்வரை. சிங்கப்பூர் மெட்ரோவிலும் தடை. கடும் நெடியுள்ள துரியன் பழத்தைக் கையில் எடுத்துச் செல்லவும் அங்கே அனுமதி இல்லை, பல ஹோட்டல்களிலும் அப்படியே. கடையிலேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள். முள்தோலோடு எடைபோடுவார்கள், எடையில் பெரும்பகுதி தோலும் கொட்டையும்தான். கிலோ விலையைக் கேட்டு, எடையைப் பார்த்து, திறந்து சுளையைச் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

பணம் கொடுப்பதில் எங்கே ஏமாறுவோம்?

வியட்நாமின் 20,000 டாங் நோட்டும் 5,00,000 டாங் நோட்டும் இரண்டுமே நீலம். இருட்டான சந்தையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை நீட்டினால் 25 மடங்கு போய்விடும். பெரிய நோட்டைத் தனி உறையில் வையுங்கள். சீனாவில் தள்ளுவண்டிவரை க்யூஆர் கோடுதான். அலிபே அல்லது வீசாட் செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொண்டு கிளம்புங்கள். இலங்கையின் பழைய பாணித் தேநீர்க் கடைகளில் கேட்காமலே ஒரு தட்டு நிறைய ஷார்ட் ஈட்ஸ் எனும் சிறு பலகாரங்களைக் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்துச் சாப்பிட்டதற்கு மட்டுமே காசு.

ஒவ்வாமை உள்ளவர்கள்?

வேர்க்கடலை, இறால், எள் மூன்றும் இந்தப் பகுதியின் குழம்புகளில் அரைபட்டு மறைந்திருக்கும். சாத்தே, இந்தோனேசியக் காய்கறிக் கலவையான காடோ காடோ, தாய்லாந்து நூடுல்ஸான பாட் தாய் எல்லாவற்றிலும் கடலை உண்டு. இந்தோனேசிய அப்பளமான குருப்புக்கில் பெரும்பாலும் இறால். அந்நாட்டு மொழியில், "எனக்கு இது ஒத்துக்கொள்ளாது, உயிருக்கு ஆபத்து" என்று அட்டையில் எழுதி நீட்டுங்கள். ஒவ்வாமை கடுமையாக உள்ளவர்கள் ஒரே சட்டியில் எல்லாவற்றையும் வறுக்கும் தெருக்கடைகளைத் தவிர்ப்பதே சரி.

வயிறு கெட்டுவிட்டால்?

முதல் மருந்து உப்புசர்க்கரைக் கரைசல். மருந்துக்கடைப் பொட்டலம் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து, அளவை மாற்றாதீர்கள். வாந்தி இருந்தால் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், குடித்தது எதுவும் தங்காத வாந்தி, சிறுநீர் மிகக் குறைவது இவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போங்கள். ரத்தமோ காய்ச்சலோ இருக்கும்போது பேதியை நிறுத்தும் லோபெரமைடு மாத்திரை கூடாது.

வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்?

சீக்கிரம் கெடாதவை எல்லாம் நல்ல தேர்வு: தைவான் அன்னாசி கேக், மெல்லிய மாவு அடுக்குகளில் செய்யும் துருக்கியின் பக்லவா, பொட்டலத்தில் அடைத்த, அல்வா போன்ற தொதல். பக்லவாவைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். நெய் உறைந்து, அடுக்குகள் நமுத்துப்போகும். சாதாரண வெப்பத்தில் சில நாட்கள் நன்றாக இருக்கும். புது மோச்சி மறுநாளே இறுகத் தொடங்கும், குளிர்பெட்டி அதை இன்னும் வேகமாக இறுக்கும். ஜப்பானியப் பெட்டியில் "ஷோஹி கிகென்" என்று இருந்தால் அந்தத் தேதிக்குள் சாப்பிட்டே தீர வேண்டும்; "ஷோமி கிகென்" என்றால் அதுவரை சுவை குறையாது என்று பொருள்.

காயா, சம்பல், தேன் போன்றவை விமானப் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைப் பதிவு செய்யும் பெட்டியில் வையுங்கள். பக்குவா போன்ற உலர் இறைச்சியைப் பல நாடுகள் சுங்கத்தில் பறித்துவிடும். வழித் தீனியாக வீட்டிலிருந்து பலகாரமோ மசாலாவோ கொண்டுபோகிறவர்கள் அதில் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். அங்கே விமானம் மாறுகிறவர்களுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு.